சென்னியப்பன் நகரின் கடைசி ஒரு அடி

ஏனுங்க சார், உங்க டோக்கன் நம்பர் என்னங்க? நாப்பத்திரண்டுங்களா? எனக்கு நாப்பத்தொண்ணு. இப்பத்தான் இருபத்தாறு உள்ள போயிருக்குது. அப்ப நம்மளச் சாப்பாட்டுக்கு முன்னாடி கூப்பிட மாட்டாங்க, உக்காருங்க. அந்தக் கடைசியில வேண்டாமுங்க, அங்க பெஞ்சுக் கால் ஆடும். இந்த ஆபீசுக்கு வந்து வந்து எந்த பெஞ்சு ஆடும், எந்த ஃபேன் சுத்தாது, எந்த கிளார்க் எத்தன மணிக்கு வெத்தல போடப் போவாருன்னு எனக்கு மனப்பாடமாயிருச்சு.

கையில சுருட்டி வெச்சிருக்கறது மனை வரைபடந்தானுங்களே? நகர் ஊரமைப்பு ஆபீசுக்கு வேற என்னத்தக் கொண்டுட்டு வருவாங்க, பஞ்சாங்கமா. நல்லா இறுக்கிப் பிடிச்சுக்குங்க. உள்ள பிரிக்கறப்ப ஒரு ஓரம் சுருண்டா, அந்த ஓரத்துல என்ன மறைக்கறீங்கன்னு கேப்பாங்க. என்னைக் கேட்டாங்க. மறைச்சுத்தான் வெச்சிருந்தேன், அது வேற விஷயம்.

நான் சென்னியப்பனுங்க. கருக்கம்பாளையம் பஞ்சாயத்துத் தலைவர். முன்னாள். முன்னாள்னா ரெண்டு தேர்தலுக்கு முன்னாடி. ஆனா ஊருக்குள்ள இன்னும் ப்ரெசிடெண்டுன்னுதான் கூப்பிடறாங்க. வேற எப்படிக் கூப்பிட்டாலும் நான் திரும்பறதில்ல, அதனால கூப்பிடறாங்க.

வந்த விஷயம் ஒண்ணும் பெருசில்லீங்க. ஒரு அடி நிலம். ஒரு அடி அகலம், முப்பது அடி நீளம். அதுல ஒரு ஆள் மல்லாந்து படுத்தா பாதி உடம்பு பக்கத்துக் காட்டுல கெடக்கும். அவ்வளவுதான் எடம். அதுக்குத்தான் பன்னண்டு வருசமா நான் காவல் காத்தேன்.

சிரிக்கறீங்க. சிரிங்க. எங்கூட்டுக்காரி மயிலாத்தாளும் இப்படித்தான் ஆரம்பிச்சா. அப்புறம் சிரிக்கறத நிறுத்திட்டா.

எங்கப்பன் ஏழு ஏக்கராவ எங்க ரெண்டு பேருக்கும் பிரிச்சுக் குடுத்தாரு. தார் ரோட்டுப் பக்கம் நாலு எனக்கு. பின்னால கெணத்தோட மூணு என் தம்பி நாச்சிமுத்துக்கு. நடுவுல ஒரு வரப்பு. ஊர் எல்லையும் அந்த வரப்புதான். இக்கட்ட நின்னா கருக்கம்பாளையம் பஞ்சாயத்து, அக்கட்ட கால வெச்சா மூலக்காட்டுவலசு பஞ்சாயத்து. எங்க எருமை ஒரு பஞ்சாயத்துல மேஞ்சுட்டு இன்னொரு பஞ்சாயத்துல சாணி போடும், ஒருத்தரும் அதுகிட்ட அனுமதி கேட்டதில்ல. பாகம் பிரிக்கறப்ப அப்பன் எங்கிட்டச் சொன்னது ஒண்ணே ஒண்ணு. பின்னால இருக்கறவனுக்கு வண்டித்தடம் உட்டுரோணும்னாரு. சரீன்னு தலையாட்டினேன். தலையாட்டினதுக்குப் பத்திர ஆபீஸ்ல பதிவு கெடையாதுங்களே.

அப்புறம் பனியன் கம்பெனிக எங்க பக்கம் வந்துச்சு. ஆளாளுக்குக் காட்டைச் சைட்டு போட்டாங்க. கடலை வெதச்ச காட்டுல எல்லாம் கல்லு நட்டாங்க. நான் தலைவர், நான் போடாம இருந்தா நல்லா இருக்குமா? தம்பிகிட்டப் போனேன். "டேய், உன் மூணயும் என்னோட சேத்துக்கலாம். ஏழு ஏக்கராவுல பெருசாப் போடுவோம். பேரு கூட வெச்சாச்சு, சென்னியப்பன் நகர்." அவன் களத்துல போர் மேல நின்னு சோளத்தட்டு அடுக்கிட்டு இருந்தான். இறங்கி வந்தான். தலைத்துண்ட அவுத்து மொகத்தத் தொடச்சுட்டு, "எனக்கு வெவசாயம் போதுமுங்ணா" ன்னான். அதோட உட்டிருந்தா பரவால்ல. "ஏனுங்ணா, நகர்னா கொறஞ்சது ஒரு டீக்கடையாச்சும் வேண்டாமுங்களா?" ன்னு கேட்டுப்போட்டான். களத்துல நாலு ஆளுக இருந்தாங்க. நாலு பேரும் சிரிச்சுட்டாங்க.

அவ்வளவுதான் சார். குடி கெடுத்தான், கையெழுத்த மாத்தினான்னு எல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு டீக்கடை. நாலு பேர் சிரிப்பு. ஒரு பஞ்சாயத்துத் தலைவர் அதைத் தாங்கிட்டுப் போயிருக்கலாம். நான் தாங்கல.

என் நாலு ஏக்கராவ மட்டும் போட்டேன். முப்பத்தெட்டு சைட்டு. அனுமதி யார் குடுத்தாங்கன்னு கேளுங்க. நாந்தான். மனு குடுத்தவனும் நான், மனுவப் பரிசீலிச்சவனும் நான், மனுதாரர் நல்ல மனுஷன்னு தெரிஞ்சுக்கிட்டு முத்திரை குத்தினவனும் நான். அன்னிக்குச் சாயங்காலம் கண்ணாடி முன்னால நின்னு எனக்கே ஒரு வணக்கம் வெச்சேன். மனையவிட வளைவு பெருசாக் கட்டினேன். முன்னால, தார் ரோட்டோரத்துல. "சென்னியப்பன் நகர் தங்களை அன்புடன் வரவேற்கிறது". பின்பக்கம் "நன்றி, மீண்டும் வருக". உள்ள ஒரு வீடு கெடையாது அப்ப. வெறும் கல்லு.

இந்த ஆபீஸ்லருந்து ஒரு கடுதாசி வந்துச்சு. மனைப்பிரிவுக்கு அனுமதி குடுக்கற அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கெடையாது, வரைபடத்த எங்களுக்கு அனுப்பு, தெருவு எல்லை வரைக்கும் போறதால பக்கத்து ஊராட்சியோட கலந்து பேசுன்னு எழுதியிருந்தாங்க. நல்ல தமிழ்ல, மரியாதையாத்தான் எழுதியிருந்தாங்க. அதை மடிச்சு அலமாரிக்கு ஒரு கால் ஆட்டம் இருந்துச்சு, அதுக்கு முட்டுக் குடுத்துட்டேன்.

கலந்து பேசலீன்னு சொல்லீராதீங்க. பேசினோம். மூலக்காட்டுவலசுத் தலைவர் அர்த்தநாரியும் நானும் ஒன்றிய ஆபீஸ் கூட்டத்துல பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பஜ்ஜி வந்துச்சு. "உங்கூர்ல நீங்க எப்படிப் போட்டாலும் நான் கேக்கலீங்க"ன்னாரு. "உங்கூர்ல நீங்க போடறத நானும் கேக்கலீங்க"ன்னேன். ரெண்டு ஊராட்சியும் கலந்து பேசி ஒருமனதா முடிவெடுத்த ஒரே விஷயம் அதுதான். அவரு பஞ்சாயத்துல தெருவு இருபத்து மூணு அடி, நம்முது முப்பது. என்னிக்காவது ரெண்டும் சேந்தா, அந்த எடத்துல லாரிக்காரன் எறங்கி லாரிய ஒடுக்கித்தான் எடுத்துட்டுப் போகோணும். அதை யோசிக்கறது எங்க வேலையில்லையே.

ஆங், அந்த ஒரு அடிக்கு வர்றேன். எனக்கு வரைபடம் போட்டுக் குடுத்தவரு அமலதாஸ்னு ஒருத்தரு. கெட்டிக்காரரு. தெருவ நேரா வரப்பு வரைக்கும் கொண்டுபோய்ட்டு, பென்சில நிறுத்தி என்னைப் பாத்தாரு. "தலைவரே, பின்னால யாரு காடு?" தம்பி காடுன்னேன். "தடம் குடுக்கப் போறீங்களா?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிட்டேன். அவரு புரிஞ்சுக்கிட்டாரு. தெருவ வரப்புக்கு ஒரு அடி முன்னாலயே நிறுத்திட்டாரு. "தெருவு பஞ்சாயத்துக்குப் போயிரும். அதுல யாரு வேணா நடப்பாங்க, ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா இந்த ஒரு அடி உங்க பேர்லயே இருக்கும். பின்னால இருக்கறவரு தெருவுல கால் வெக்கோணும்னா உங்களத் தாண்டித்தான் வரோணும். எல்லாரும் பண்றதுதானுங்க." ஏனுங்க சார், உங்க வரைபடத்துலயும் இருக்குதா? இல்லீங்களா? நல்லது. எல்லாரும் பண்றதுதான்னு சொன்னா ஆண்டவன் கூட ஒத்துக்குவாருன்னு எனக்கு அன்னிக்கு ஒரு நம்பிக்கை.

பழைய வண்டித்தடம் மூணாவது சைட்டுக்கும் ஒன்பதாவது சைட்டுக்கும் உள்ள போயிருச்சு. ஒரு நாள் காலையில தம்பி வந்தான். வண்டியில தேங்காய் ஏத்தி, மாடு பூட்டி, வரப்புக்கிட்ட நிறுத்திட்டு வந்தான். "ஏனுங்ணா, தடம்?" னான். நான் வரைபடத்த விரிச்சு, அந்த ஒரு அடியில வெரல வெச்சேன். "இது என் சொந்த எடம். இதுல கால் வெக்கோணும்னா எங்கிட்டக் கேக்கோணும்." இப்பக் கேப்பான்னு பாத்தேன். கேட்டிருந்தாக் குடுத்திருப்பேன் சார், சத்தியமாக் குடுத்திருப்பேன். கேக்கோணும்கறதுதான் எனக்கு. அவன் அந்த வெரலயே பாத்தான். அப்புறம் திரும்பிப் போய் மாட்டைத் திருப்பினான். வாய்க்கால் மேட்டு வழியா, மூணு கிலோமீட்டர் சுத்தி. அன்னிக்கு நின்ன பேச்சு.

அடுத்த நாளே நாலு கல்லுத்தூண் நட்டு முள்ளுக்கம்பி இழுத்தேன். பலகை ஒண்ணு. "இது தனியார் இடம், அத்துமீறி நுழைவோர் மேல் நடவடிக்கை எடுக்கப்படும்". பலகை ரெண்டடி அகலம், எடம் ஒரு அடி. பலகையில பாதி தம்பி காட்டுக்குள்ள நீட்டிட்டு நின்னுச்சு. யாரும் சிரிக்கல. எம் முன்னால சிரிக்கல.

அதுக்கப்புறம் என் வேலையே அதுதானுங்க. தெருக்கோடியில முப்பத்தெட்டாம் நம்பர் சைட்டுலயே வீடு கட்டிட்டேன். பத்தடியில அந்தக் கம்பி. காலையில டம்ளரோட போய் நின்னு பாப்பேன். களை மொளைச்சா செதுக்குவேன். மழைக்கு மண்ணு கரைஞ்சா அணைப்பேன். எங்கூட்டு வாசல் அத்தன சுத்தமா இருந்ததில்ல. "அந்த ஒரு அடியில கத்திரி நட்டிருந்தாக்கூட கொழம்புக்காவது ஆயிருக்கும்"னு மயிலாத்தா சொல்லுவா. அவளுக்கு நிர்வாகம் தெரியாதுன்னு நெனச்சுக்குவேன்.

தம்பியும் அவன் சம்சாரம் ருக்குமணியும் பால் கேனத் தூக்கிட்டு வாய்க்கால் மேட்டுல போவாங்க. எங்கூட்டு மாடியில நின்னாத் தெரியும். மழைக்காலத்துல சேறு. நான் மாடிக்குப் போறத நிறுத்திட்டேன். முட்டி வலின்னு சொல்லிக்கிட்டேன்.

இதைச் சொல்லாம உட்டரலாம். ஆனா சொல்லீடறனுங்க, சொல்லலீன்னா மீதிய நான் சொல்றதுல அர்த்தமில்ல. நாலு வருசம் முன்னாடி ஐப்பசியில அந்த மேட்டுல ருக்குமணி வழுக்கி உழுந்துட்டா. கேனோட. தொடையெலும்பு. ஆம்புலன்ஸு வாய்க்கால் மேட்டுல வராது. நம்ம வளைவுக்குள்ள பூந்து, நம்ம தெருவுல கடைசி வரைக்கும் வந்து, கம்பிக்கிட்ட நின்னுச்சு. வரப்புக்கு அக்கட்ட தம்பியும் ரெண்டு ஆளுகளும் அவளக் கட்டலோட தூக்கிட்டு வந்து நிக்கறாங்க. நான் என் வாசல்ல நிக்கறேன். "கேட்டத் தெறங்க"ன்னு டிரைவர் கத்தறாரு. அதுல கேட்டே இல்ல சார். கேட்டு வெக்கோணும்னு எனக்குத் தோணவே இல்ல. அப்பத்தான் மயிலாத்தா உள்ளருந்து அருவாளோட வந்தா. மூணு வரிக் கம்பியையும் கொத்தி எறிஞ்சா. கட்டலத் தூக்கிட்டுப் போனாங்க. என்னைத் தாண்டறப்ப ருக்குமணி கண்ணத் தெறந்து பாத்தா. நான் குனிஞ்சு செருப்பப் பாத்தேன்.

அடுத்த வாரம் புதுக் கம்பி போட்டேன். பழசு துருப்பிடிச்சுப் போச்சுன்னு சொல்லி.

என்னங்க சார், தள்ளி உக்கார்றீங்க? பரவால்லீங்க. இதைக் கேட்டா யாரும் தள்ளித்தான் உக்காருவாங்க. மயிலாத்தா ரெண்டு மாசம் எனக்குச் சோத்தத் தட்டுல போட்டு வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவா. இவ எதுக்குக் கோவிச்சுக்கறா, கம்பி செலவு என்னுதுதானேன்னு நெனச்சேன். அந்தளவுக்குத்தான் மூளை.

எத்தன போச்சு? முப்பத்தொண்ணுங்களா? இன்னும் நேரமிருக்குது.

போன வருசம் ஆரம்பிச்சுதுங்க என் கூத்து. அனுமதியில்லாத சைட்டுல வீடு கட்ட பிளான் குடுக்க மாட்டோம், பத்திரமும் பதிய மாட்டோம், வரன்முறைப்படுத்திட்டு வாங்கன்னுட்டாங்க. என் முத்திரைய நம்பி வாங்கின முப்பத்தேழு பேரும் என் வாசல்ல வந்து நின்னாங்க. கடைசித் தேர்தல்ல எனக்கு ஓட்டுப் போட்டவங்களவிட அந்தக் கூட்டம் ஜாஸ்தி. இப்ப எங்கூர்த் தலைவர் தாமரைச்செல்வின்னு ஒரு அம்மிணி. ஃபைல எடுத்துட்டு நேரா இங்க வந்துட்டா. இங்கிருக்கற அதிகாரி மூலக்காட்டுவலசுல இப்ப இருக்கற தலைவரையும் கூப்பிட்டு, மூணு பேரும் ஒரே மேசையில ரெண்டு ஊர் வரைபடத்தையும் சேத்துப் போட்டுப் பாத்தாங்களாம். நானும் அர்த்தநாரியும் பஜ்ஜி மேல செஞ்ச வேலைய அவங்க வரைபடத்து மேல செஞ்சாங்க. பாத்தா, என் தெருவு எங்கயும் சேரல. வளைவுல பூந்தா கம்பியில போய் முட்டுது.

அதிகாரி சொல்லிட்டாரு. "முட்டுத்தெருவு இவ்வளவு நீளம் இருக்கக் கூடாது. ஒண்ணு, தெருவு பின்னால இருக்கற காட்டு வழியாப் போய் அடுத்த ஊர் ரோட்டுல சேரோணும். இல்லீன்னா தெருக்கோடியில வண்டி திரும்பறதுக்கு வட்டமா எடம் உடோணும்." அந்தத் தெருக்கோடியில என்ன இருக்குது? என் வீடு. போர்ட்டிகோ, முன்ரூமு, நான் படுக்கற கட்டல், சுவத்துல மாலை போட்ட எங்கப்பன் படம், எல்லாம் அந்த வட்டத்துக்குள்ள வருது. தாமரைச்செல்வி வட்டத்தச் சிவப்பு மசியில போட்டுக் காட்டினா. "ஏனுங் மாமா, அத்தைகிட்டச் சொல்லீட்டீங்களா?" ன்னு கேட்டா. நான் சொல்லல. ஆனா மயிலாத்தாளுக்குத் தெரிஞ்சுபோச்சு. "வீட்ட இடிச்சா நான் ருக்குமணிகூட போய் இருந்துக்கறேன்"னா. கோவமாச் சொன்னாப் பரவால்ல, யோசிச்சுச் சொன்னா.

அப்பவும் எனக்குப் பயம் வரல பாருங்க. ஏன்னா அந்த ஒரு அடி என் கையில இருக்குது. குடுக்கறவன் நான். சரி, பெருந்தன்மையாக் குடுத்துருவோம்னு முடிவு பண்ணினேன். சும்மா குடுத்தா மரியாதையா? ஒரு விழா வெக்கலாம்னு தோணுச்சு. தெருவுல சாமியானா, நாற்காலி அம்பது, தாமரைச்செல்விக்குப் பொன்னாடை. பேனர் கூட அடிச்சாச்சு. "மக்கள் நலனுக்காக ஒரு அடி நிலம் தானம் வழங்கும் விழா". நடுவுல என் படம், வேட்டி சட்டையில, கைகூப்பி. படம் ஆறடி. தானம் ஒரு அடி.

விழாவுக்கு முந்தின வாரம் சர்வேயர் ரெண்டு பேர் வந்தாங்க. இந்த ஊருக்கு ஒருத்தரு, அந்த ஊருக்கு ஒருத்தரு. தானப் பத்திரத்துல அளவு எழுதோணும்ல, அதுக்கு. ஒருத்தர் நம்ம வளைவு பக்கத்துக் கல்லுலருந்து சங்கிலி பிடிச்சு வர்றாரு, இன்னொருத்தர் தம்பி காட்டுக் கடைசிக் கல்லுலருந்து வர்றாரு. ரெண்டு பேரும் கம்பிக்கிட்டச் சந்திச்சாங்க. ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்தாங்க. மறுபடி அளந்தாங்க. தம்பியும் அக்கட்ட நின்னு பாத்துட்டு இருந்தான். அப்புறம் கடப்பாரை வாங்கி, கம்பிக்கு இக்கட்ட, என் பக்கமாத் தோண்டினாங்க. முழங்கை ஆழத்துல பழைய எல்லைக்கல்லு. மேல வெட்டின குறியெல்லாம் அப்படியே இருக்குது.

"ஐயா, வரப்பு கொஞ்சம் கொஞ்சமா அக்கட்டத் தள்ளிப் போயிருக்குதுங்க. எல்லை வரப்புல இல்ல, இந்தக் கல்லுல. உங்க எடம் இதோட முடியுது. கம்பி போட்டிருக்கீங்களே அந்த ஒரு அடி, அது மூலக்காட்டுவலசுங்க. உங்க தம்பி பட்டா."

புரியுதுங்களா சார்? என் தெருவு எப்பவுமே தம்பி எல்லை வரைக்கும் போய் நின்னுட்டு இருந்துச்சு. நான் பூட்டே போடல. பன்னண்டு வருசம் தம்பி எடத்துக்குள்ள போய் நின்னுட்டு, தம்பிய உள்ள வராதேன்னு சொல்லீருக்கேன். அவன் எடத்துல களை செதுக்கினேன். அவன் எடத்துக்கு மண்ணு அணைச்சேன். அத்துமீறி நுழைவோர்னு பலகையில எழுதி வெச்சேனே, அந்த ஆளு நாந்தான். நடவடிக்கை எடுக்கறதுன்னா என் மேலதான் எடுக்கோணும்.

தம்பியப் பாத்தேன். சிரிச்சிருந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும். அவன் சிரிக்கல. அந்தக் கல்லப் பாத்தான், அப்புறம் வாய்க்கால் மேட்டுப் பக்கம் பாத்தான். அங்க ருக்குமணி கோலூனிட்டு வந்துட்டு இருந்தா. அவ பக்கமா நடந்து போயிட்டான்.

பேனரத் திருப்பிப் போட்டு மாட்டுக்கொட்டாய்க் கூரைய மறைச்சிருக்கேன். மழை ஒழுகறதில்ல, நல்ல பேனரு.

இப்ப விஷயம் இதுதானுங்க. தெருவு சேரோணும்னா அந்த ஒரு அடிய மட்டுமில்ல, காட்டுக்குள்ள முப்பதடித் தடத்தையும் தம்பி அவங்க ஊராட்சிக்குத் தானமா எழுதிக் குடுக்கோணும். அவன் கையெழுத்துப் போட்டா என் வீடு நிக்கும், முப்பத்தேழு பேருக்கும் பிளான் கெடைக்கும். போடலீன்னா சிவப்பு வட்டம். இன்னிக்கு ரெண்டு தரப்பையும் வரச் சொல்லியிருக்காங்க. தாமரைச்செல்விதான் போய் அவனக் கூப்பிட்டா. நான் போகல. மூணு தடவை கெளம்பினேன். கல்லு வரைக்கும் போவேன், நின்னு பாப்பேன், திரும்பி வந்துருவேன். பழகின கால் சார், அதுக்கு மேல போக மாட்டேங்குது.

அவனெங்கன்னு கேக்கறீங்களா? மெதுவா... உடனே திரும்பாதீங்க. அந்தத் தூணோரம், நீலச் சட்டை, மடியில ஒரு சுருளு. ஆமாங்க, அவந்தான் நாச்சிமுத்து. ஒரே பஸ்ஸுலதான் வந்தோம். அவன் டிரைவருக்குப் பின்னால, நான் கடைசி சீட்டு. எறங்கறப்ப அவன் முன்னால எறங்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னான். நான் செருப்பு வார் அந்துபோன மாதிரி குனிஞ்சுட்டேன். இந்தச் செருப்புல வாரே கெடையாது, பாருங்க.

அந்தச் சுருள்ள என்ன வெச்சிருக்கான்னு தெரியல. காலையிலருந்து அதையே பாத்துட்டு இருக்கேன். நான் போட்ட மாதிரியே அவனும் ஒரு அடி உட்டுப் போட்டிருந்தா? போடோணும் சார், நியாயமாப் பாத்தா. நானா இருந்தா ரெண்டடி உட்டிருப்பேன்.

சத்தமாப் பேசறனுங்களா? அவனுக்குக் கேக்குமுங்களா? கேக்கட்டும். நேர்ல போய் இதுல ஒரு வரி சொல்ல வாய் வரமாட்டேங்குது. அதுக்குத்தான் உங்களப் பிடிச்சு உக்கார வெச்சிருக்கேன், மன்னிச்சுக்குங்க.

நாப்பத்தொண்ணா? நம்மளத்தான். சாப்பாட்டுக்கு முன்னாடியே கூப்பிட்டுட்டாங்களே. இந்தப் பைய ஒரு நிமிஷம் பாத்துக்குங்க சார்.

*

இன்னும் இருக்கீங்களா சார்? உங்களக் கூப்பிடலியா? சாப்பாட்டுக்கப்புறமா. சரி. பை இருக்குது. நன்றிங்க.

இருங்க, மூச்சு வாங்கிக்கறேன்.

உள்ள போனோம். ரெண்டு நாற்காலி போட்டிருந்தாங்க, ரெண்டு பேரும் உக்காரல. அதிகாரி, "நாச்சிமுத்து யாருங்க, வரைபடம் இருக்குதா?" ன்னாரு. அவன் சுருள விரிச்சான். ஓரம் சுருண்டுச்சு. அவன் ஒரு பக்கம் பிடிச்சான், இன்னொரு பக்கம் பிடிக்க ஆளில்ல. நான் பிடிச்சேன்.

முப்பதடித் தடம் போட்டிருந்தான். இருபத்து மூணு இல்ல சார், முப்பது, என் தெருவு அளவுக்கு. மூலக்காட்டுவலசு ரோடு வரைக்கும் நேரா. எல்லாம் பாத்துட்டு வர்றேன், என் தெருவு முடியற எடத்துல, அவன் காட்டு மூலையில, ஒரு சின்னக் கட்டம். பென்சில்ல. போச்சுடா, அவனும் வெச்சுட்டான். முழிச்சு முழிச்சுப் பாக்கறேன், கண்ணாடி பையில, பை உங்ககிட்ட. அதிகாரியும் வெரல அங்கதான் வெச்சாரு. "இது என்னங்க கட்டம், தடத்த ஒட்டி?"

நாச்சிமுத்து தொண்டையச் செருமினான்.

"டீக்கடைங்க. எங்கண்ணன் நகர்னு பேரு வெச்சு வளைவெல்லாம் கட்டிட்டாருங்க. பன்னண்டு வருசமா அங்க ஒரு டீக்கடை இல்லீங்க."

அதிகாரிக்கு ஒண்ணும் புரியல. கடைன்னா தனியாக் குறிக்கோணும், தடத்துலருந்து தள்ளிக் கட்டோணும்னு விதியச் சொல்லிட்டு இருக்காரு. நான் வரைபடத்தப் பிடிச்சுட்டு நிக்கறேன், ஓரம் படபடன்னு அடிக்குது. "ஐயா, நல்லாப் பிடிங்க"ங்கறாரு. எப்படிப் பிடிக்கறது. அழுதுட்டேன் சார். முன்னாள் தலைவர், அறுவத்தி மூணு வயசு, நகர் ஊரமைப்பு ஆபீஸ்ல, வரைபடத்து மேல. கண்ணுத்தண்ணி டீக்கடை மேலயே உழுந்துச்சு. கிளார்க் ஓடி வந்து ஒத்தி எடுத்தாரு.

கையெழுத்துப் போட்டுட்டான். ஒரு நிபந்தனையும் வெக்கல. நான் ஏதோ சொல்லோணும்னு வாயத் தெறந்தேன், ருக்குமணி காலப் பத்தி, கம்பியப் பத்தி. "வெளிய போய்ப் பேசிக்கலாமுங்ணா, பின்னால ஆளு நிக்கறாங்க"ன்னான். என் வளைவையும் எடுக்கச் சொல்லீருக்காங்க, அது பொதுத்தெருவுல நிக்குதாம். அது மட்டும் முடியாது, இன்னொரு மனு போடறேன்னுட்டேன். எல்லாத்தையும் ஒரே நாள்ல உட்டுக் குடுக்க முடியுமுங்களா, மனுஷன்தானே.

அவன் எங்கயா? அதோ, கேட்டுக்கு எதுத்தாப்புல அந்தத் தள்ளுவண்டிக் கடையில. ரெண்டு டீ சொல்றான். கேட்டீங்களா சத்தத்த? "ஒண்ணுல சக்கரை வேண்டாம்"ங்கறான்.

அவன் சக்கரை இல்லாமக் குடிக்க மாட்டான் சார், சின்னதுலருந்து மூணு கரண்டி போடுவான். எனக்குத்தான் சக்கரை வேண்டாம்னு டாக்டர் சொல்லி ஆறு வருசமாச்சு. நான் அவங்கிட்டப் பேசி பன்னண்டு வருசம். இவன் இதை யாருகிட்ட, எப்பக் கேட்டு வெச்சான்?

போறனுங்க சார். டீ ஆறிப் போகும்.